உன் அப்பாவின் பக்கத்து சீட்டிலிருந்து

அன்புள்ள குமாருக்கு,

இதை எழுதுவதற்கே முதலில் என்னை மன்னித்துவிடு. கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் போகக் கூடாது, அதுவும் என்னிடமிருந்து. உன்னைவிடப் பத்து வயதுகூட மூத்தவள் இல்லை நான். நீ பாலிடெக்னிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்குள் வந்தேன். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று உனக்குத் தெரியவில்லை. இன்றுவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மரியாதையாகப் பேசிவருகிறாய். அதில் எனக்கு வருத்தமில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஆனால் அப்படிப்பட்ட ஒருத்தி உனக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றினால் அது நியாயம். தோன்றட்டும். படித்து மட்டும் முடித்துவிடு.

போனில் சொல்லலாமே என்பாய். எனக்குப் பேச வராது. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான்தான். மூன்று வருடமும் வகுப்பில் ஒரு சந்தேகம்கூட எழுந்து கேட்டதில்லை. இப்போது துறைமுகச் சரக்குக்குக் காகிதம் போடும் கிளியரிங் ஏஜென்சி ஆபீசிலும் அப்படித்தான், நான் பேசினால் பக்கத்து மேசைக்கே கேட்காது. போன மாதம் உன்னிடம் போனில் இதைத்தான் ஆரம்பித்தேன். "அப்பா இத்தன வருசம் டிரெய்லர் ஓட்டுனவரு, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்று நீ சிரித்தாய். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. ஓசூரில் உன் அறையில் இருக்கும் பையன்கள் இதைப் படித்தாலும் பரவாயில்லை. அவர்களுக்கும் ஊரில் அப்பாக்கள் இருக்கிறார்கள், அந்த அப்பாக்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். உன் அப்பாவால் இனி வண்டி ஓட்ட முடியாது. அது அவருக்குத் தெரியவில்லை. தை பிறந்து திருச்செந்தூரில் நீ தாலி கட்டி முடித்ததும், உன்னையும் உன் மனைவியையும் தன் காரில் உட்காரவைத்து முத்தையாபுரம் வீட்டு வாசல்வரை தானே ஓட்டிவருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பூ அலங்காரத்துக்கு ஆள்கூடப் பேசிவிட்டார். அந்தச் சாலையில் தை மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடந்துபோகிறவர்கள் சாலையின் இரண்டு ஓரத்திலும் சாரை சாரையாகப் போவார்கள். நடுவில் துறைமுகத்து லாரிகள். அதற்குள் உன் அப்பா.

உனக்குத் தெரிந்த அப்பா யார் என்று எனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது டிரெய்லர் கேபினில் உன்னை ஏற்றிக்கொண்டு துறைமுக கேட் வரை போவாராம். அவ்வளவு நீளமான வண்டியைப் பின்பக்கமாக எடுத்து இரண்டு கன்டெய்னருக்கு நடுவில் செருகும்போது மற்ற டிரைவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்களாம். அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் தெருவில் அவருக்கு டிரெய்லர் அண்ணாச்சி என்றுதான் பெயர். நானும் அந்த ஆளைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் என்னை இங்கே பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக்கு உன் அத்தை வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு ஆடு சாலையோரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. அவர் பிரேக்கில் காலை வைத்தார். எதற்கு என்று நான் நினைப்பதற்குள் அது குறுக்கே பாய்ந்தது. "அது காதப் பாத்தியா? போவப் போறேன்னு காதுதான் மொதல்ல சொல்லும்" என்றார். எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. ஆட்டின் காதைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வண்டியில் ஏறியதும் பாட்டைப் போடுகிறவர் ஒரு நாள் பாட்டை நிறுத்தினார். பிறகு உன் தங்கச்சிப் பாப்பா பின்னாலிருந்து பள்ளிக்கூடக் கதை சொன்னால் "சித்த சும்மா இரு பாப்பா" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை, தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன். காது கேட்டால் கண்ணுக்கு வேலை ஓடவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் ரொம்ப நேரம் நிற்பார். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். போகலாம் என்று எங்களுக்குத் தோன்றும் நேரமெல்லாம் நிற்பார், போகக் கூடாத நேரத்தில் எடுத்துவிடுவார். முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டு போவார். ஓரத்திலிருந்து எது வந்தாலும் அது பக்கத்தில் வந்த பிறகுதான் அவர் கவனத்துக்கு வருகிறது. துறைமுகச் சாலை வந்து சேரும் முக்கில், தினமும் போகிற முக்கில், ஒரு நாள் எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தடுமாறினார். காரின் இடது பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். கேட்டால் தெருப் பிள்ளைகள் ஆணியால் கிழித்துவிட்டார்கள் என்பார். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை குமார், அப்படித்தான் நம்புகிறார்.

ஆனால் அவர் இன்றைக்கும் நம் வீட்டுச் சந்தில் காரைப் பின்பக்கமாக ஒரே எடுப்பில் நுழைத்து நிறுத்துவதைப் பார்க்கிறவன் நான் சொல்வதை நம்ப மாட்டான். கைக்கு எதுவும் ஆகவில்லை. சந்துக்குள் குறுக்கே ஓடிவர ஆள் கிடையாது, அவசரம் கிடையாது. அங்கே அவர் பழைய ஆள்தான். அதனால்தான் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கண்தான் கோளாறு என்று நினைத்து நச்சரித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். போர்டில் கடைசி வரிசை வரை கடகடவென்று வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். போன வருடம் செய்த புரை ஆபரேஷனும் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். உன் அப்பா செருப்பு மாட்ட வெளியே போனதும் நான் மட்டும் நின்றேன். எப்படித்தான் கேட்டேனோ, சாலையில் நடப்பதையெல்லாம் சொன்னேன். டாக்டரும் நம் பக்கத்துக்காரர்தான். "கண்ணு ஜோராப் பாக்கும்மா" என்றார். "பாத்ததுல எது முக்கியம்னு மூள பொறுக்கி எடுத்துக் குடுக்கணும்லா, அதுக்கு இப்ப நேரம் பிடிக்கும். ஒரே நேரத்துல நாலு விசயம் வந்தா ஒண்ண விட்டுரும். எல்லாருக்கும் ஒரே வயசுல வராது. சிலருக்கு எழுபது தாண்டியும் வராது. இவருக்கு வந்திருந்தா, அத என்கிட்ட இருக்க இந்தப் போர்டு காட்டாது." திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார், வேறு காரணமும் இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது என்றார். வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னேன். "எனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றார் உன் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கண் டாக்டர் பாஸ் போட்டுவிட்டார் என்பதை மட்டும் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. இவ்வளவு பார்த்தவள் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கேட்பாய். நான் அவருக்குக் கண்ணாக இருந்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு வராதது எனக்கு வந்தவுடன் சொல்லிவந்தேன். ஆனால் நேராகச் சொல்லவில்லை. 'பிரேக் போடுங்க' என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் அவர் முகம் சுருங்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எதிரில் பைக் வந்தால், "ஏங்க, அந்த பைக்காரன் எப்படி வாரான் பாருங்க" என்பேன். ஒருவர் சாலையைக் கடந்தால், "கண்ணு மண்ணு தெரியாம நடக்கான் பாருங்க" என்பேன். லாரி நின்றால், "இங்கன கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கானே" என்பேன். அவர் பிரேக் போடுவார், அந்த ஆளைத் திட்டுவார், வண்டி போகும். அவர் மனம் நோகவில்லை, ஆபத்தும் தப்பிவிட்டது என்று எனக்குத் திருப்தி. நல்ல மனைவி என்றுகூட என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒழுங்காகப் போன பைக்காரனையும் ஒழுங்காக நடந்த மனிதனையும் தினமும் குற்றவாளியாக்கி, உன் அப்பாவுக்கு ஊட்டிவிட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தன்னிடம் மாற்றம் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒவ்வொரு சமயத்தையும் நான்தான் மூடிவிட்டேன்.

அது இந்த மார்கழி பிறந்த கையோடு எனக்குத் தெரிந்தது. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், முதல் பத்திரிகையை முருகன் காலடியில் வைக்க வேண்டும் என்று திருச்செந்தூர் கிளம்பினோம். நான் முன்னால், தாம்பாளம் என் மடியில், தாம்பாளத்தில் பத்திரிகையும் தேங்காயும் குங்குமமும். பாப்பா பின்சீட்டின் நடுவில் எங்கள் இருவருக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். முக்காணி பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காற்றில் பத்திரிகை பறக்கப் பார்த்தது. நான் குனிந்து அதைப் பிடித்தேன். அவ்வளவுதான், ஒரு நொடி நான் சாலையைப் பார்க்கவில்லை.

"அப்பா! பச்ச வேட்டி! பச்ச வேட்டி!"

பாப்பா கத்திய கத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். தாம்பாளம் கவிழ்ந்து குங்குமம் முழுக்க என் சேலையில். நிமிர்ந்து பார்த்தால் கார் ஓரக் கோட்டைத் தாண்டி மண்ணுக்குள் நிற்கிறது. நடந்துபோன ஒரு பெரியவரின் தோளில் கிடந்த துணிமூட்டையை நம் கார்க் கண்ணாடி இழுத்துக் கீழே போட்டிருக்கிறது. மூட்டை இருந்த இடத்துக்கு ஒரு சாண் உள்ளே அவருடைய கழுத்து. அவர் கூட வந்தவர்கள் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பாடிக்கொண்டு வந்தவர்கள் போல, வாய் அப்படியே திறந்திருந்தது.

உன் அப்பா இறங்கினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஏலே, சாமிக்குப் போறவன் ஓரமாப் போவ மாட்டியளோ? ரோட்ட வெலைக்கு வாங்கிருக்கியளா?" என்று சத்தம் போட்டார். ஒரு இளவட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அந்தப் பெரியவர் அவனைக் கையால் தடுத்துவிட்டு, மூட்டையைத் தட்டி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, நாங்க கோட்டுக்கு வெளியதான் நடக்கோம். வண்டிதான் உள்ள வந்துட்டு. கீழ பாருங்க" என்றார். உன் அப்பா கீழே பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் குனிந்து காருக்குள் என்னைப் பார்த்தார். என் சேலையில் சிவப்பைப் பார்த்துப் பதறி, "தாயி, அடிபட்டுட்டா?" என்று கேட்டார். நாங்கள் கொல்லப் பார்த்த மனிதர் என்னைக் கேட்கிறார். "குங்குமம்" என்றேன். அது அவருக்குக் கேட்டிருக்காது.

கார் மறுபடி கிளம்பியதும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா? எவனும் ஒழுங்கில்ல. நீ தெனமும் சொல்லுதது சரிதான். எவன் எப்படி வாரான், எப்படி நடக்கான்னு நீதான் சொல்லிக்கிட்டே வாறியே." என்னுடைய வார்த்தையையே எடுத்து எனக்குச் சாட்சியாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தையை வருடக்கணக்கில் அவர் வாயில் வைத்தவள் யார்?

இதோடு முடிந்திருந்தால்கூட நான் உனக்கு எழுதாமல் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து பின்வாசலில் சேலையை அலசிக்கொண்டிருந்தேன். பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏளா, அப்பா பாக்கலன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அப்பா பாத்தா கால் அசையும்மா. இன்னைக்கு அசையல."

"கால எதுக்குப் பாக்க?"

"எப்பவும் பாப்பேன். சாயங்காலம் நீ ஆபீசுல இருப்பல்லா, அப்ப நான்தான முன்னாடி உக்காந்து சொல்லணும்? நீ சொல்லுத மாதிரியே சொல்லுவேன். 'அப்பா, பைக்காரன் எப்படி வாரான் பாருங்க.' அப்பா சிரிப்பாவ." சேலை நுனியைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "ரவுண்டானாலதான் பயமா இருக்கும்மா. நாலு பக்கமும் பாக்கணும், எனக்கு ரெண்டு பக்கந்தான் தெரியுது" என்றாள். பிறகு, ஏதோ திட்டு வாங்கப் போகிறவள் மாதிரி, "சில நாளு தூக்கம் வரும். நான் கைய கிள்ளிக்கிடுவேன்" என்றாள்.

கையைத் திருப்பிப் பார்த்தேன் குமார். முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னத் தடங்கள். கொசுக்கடி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, மில்லர்புரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து முத்தையாபுரம் வரை, உப்பு லாரிக்கும் கன்டெய்னர் வண்டிக்கும் நடுவில், தூங்காமல் தன் அப்பாவையும் தன்னையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாளே, அந்தப் பிள்ளை.

அன்றே சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறை சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ஏங்க, தப்பு அவங்க மேல இல்ல. நம்ம வண்டிதான் கோட்ட தாண்டிச்சு. உங்களுக்கு இப்ப எல்லாம் ஒண்ணாத் தெரிய மாட்டேங்குது. இவ்வளவு நாளும் நான் அடுத்தவங்களக் குத்தம் சொன்னது பொய்." அவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப்போய்க் காரைக் கழுவ ஆரம்பித்தார். கழுவி முடித்துவிட்டு, "அப்போ இவ்வளவு நாளும் என்ன பொட்டையன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பக்கத்துல உக்காந்திருந்தியாக்கும்" என்றார். நம் பக்கத்தில் கண் தெரியாதவனை அப்படிச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு பல நாள் என்னை வண்டியில் ஏற்றவில்லை.

புதுக்கோட்டைக்கு விஷயம் போய்விட்டது. உன் அத்தை கிளம்பி வந்தாள். "சைக்கிள்கூட இல்லாத வீட்டுல இருந்து வந்தவ, எங்க அண்ணனுக்கு டிரைவிங் சொல்லிக் குடுக்காளோ? மூத்தவ இருந்தா இப்படி ஒரு வார்த்த வாயில வருமா? பிள்ள கல்யாணத்துல அண்ணன முடக்கிப் போட்டு மூலையில உக்கார வைக்கப் பாக்கியா?" என்று கேட்டாள். உன் அம்மாவை நான் பார்த்ததில்லை. அவர்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன், அவர்கள் சொல்லியிருந்தால் இவர் கேட்டுமிருப்பார். அத்தைக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பேசினேன். ஆட்டோக்காரர் காலையில் வந்து நின்றார். "எம்பிள்ளைய நான் கொண்டுபோய் விடுதேன், நீரு போம் அண்ணாச்சி" என்று உன் அப்பா அனுப்பிவிட்டார். ஆபீசில் லீவு போட்டும், அரை நாள் பர்மிஷன் போட்டும் இப்போது காலையில் அவருக்கு முன்னால் கிளம்பிப் பாப்பாவைப் பஸ்ஸில் கொண்டுவிட்டு, சாயங்காலம் நானே போய்க் கூட்டிவருகிறேன். இது எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு நாள், நீ சிரிக்கக் கூடாது, யூடியூபில் பார்த்துக் காரின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். பி.காம். படித்ததற்கு என்னால் முடிந்தது அதுதான். காலையில் வண்டி கிளம்பவில்லை என்றதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பானட்டைத் திறந்தார். ஒரு நொடியில் கண்டுபிடித்து மாட்டிவிட்டார். எலி கடித்திருக்கும் என்று தெருவுக்கே விளக்கம் சொன்னார். அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதேன். அவர் எதை இழக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

உனக்குக் கல்யாணமாகப் போகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். உன் மனைவி உன்னிடம் எதையாவது சொல்லத் தயங்கினால், அவள் ஊரில் யாரையோ குறை சொல்வதுபோல உன்னிடம் பேசினால், உன்னைப் பற்றித்தான் சொல்கிறாளோ என்று ஒரு தடவை நின்று யோசி. நேராகச் சொன்னால் முகத்தைச் சுருக்காதே. ஒரு ஆளின் முகம் சுருங்குவதற்குப் பயந்து வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு நான் இருக்கிறேன், பாப்பாவின் கை இருக்கிறது. உனக்கும் ஒரு நாள் அறுபது தாண்டும். அப்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் 'நிறுத்து' என்றால் நிறுத்து. அவருக்கு அதைச் சொல்ல எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. இரண்டு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது சின்ன விஷயம் இல்லை. மாப்பிள்ளையாக நிற்க வேண்டிய பிள்ளையிடம் எந்த அம்மாவும் இதைக் கேட்க மாட்டாள். நான் கேட்டாக வேண்டும். வேறு யாரும் எனக்கு இல்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே லீவு போட்டுவிட்டு வந்துவிடு. வந்து அவரிடம் கார்ச் சாவியைக் கேள். கல்யாணத்துக்கு மட்டும் என்று கேட்காதே, இனி எப்போதும் வேண்டாம் என்று கேள். நீங்கள் களைத்துப்போவீர்கள், மாப்பிள்ளையின் அப்பா வண்டி ஓட்டலாமா, நண்பன் வண்டி கொண்டுவருகிறான், இப்படி எதையும் சொல்லாதே. எல்லாவற்றையும் நான் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒவ்வொரு சாக்கும் அவரை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டத்தான் வைத்தது. "அப்பா, உங்களால இனி ஓட்ட முடியாது" என்று நேராகச் சொல். நரம்பு டாக்டரிடம் நீயே கையைப் பிடித்துக் கூட்டிப்போ. சித்தி சொல்லித்தான் வந்தேன் என்றாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, எனக்கு இனி அந்தப் பயம் இல்லை. சாவியைக் கொடுப்பார், நீ கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும். மேடையில் உன் பக்கத்தில் நிற்பார், அட்சதை போடுவார், உன் மனைவியின் தலையில் கை வைப்பார், உன்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், பெண் வீட்டார் கேட்பார்கள். உன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வருகிற நாள் அது, அதை நான் கெடுக்கச் சொல்கிறேன்.

அந்த நாளில் உன்னோடு பேசாத அப்பாவைத் தாங்கிக்கொள், குமார். அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.